கூடாது என்று சொல்லவும் எங்களுக்கு இடம் வேண்டும்

ஒன்றிய அரசின் பெட்ரோலிய அமைச்சகத்துக்கும், சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், தமிழ்நாடு அரசுக்கும்:

வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் சாகுபடி செய்கிறவள். 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் இருந்தேன். இந்த மடலை இரண்டு அரசுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் தெரியும். தில்லிக்கு எழுதினால் நிலமும் போலீசும் மாநிலத்தின் கையில் என்பார்கள். சென்னைக்கு எழுதினால் உரிமம் கொடுப்பது ஒன்றிய அரசு என்பார்கள். நடுவில் எங்கள் மனு மட்டும் பஸ் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் எங்களைப் பார்த்து, "எண்ணெய்க் கிணறுன்னாலே ஏம்மா இப்படிப் பயப்படுறீங்க? உங்களுக்கு விழிப்புணர்வு போதலை" என்றார். நல்ல மனிதர்தான், கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மடல் அவருக்கும் சேர்த்துத்தான்.

ஐயா, எண்ணெய்க் கிணறு எங்களுக்குப் புதிதில்லை. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடத் தொடங்கி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பால் என்று கிணறுகளின் பெயரெல்லாம் எங்கள் ஊர்களின் பெயர்தான். திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் எங்கள் மண்ணின் எரிவாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். பார்த்துப் பழகியவர்கள்தான் கேள்வி கேட்கிறோம்.

என் மாமனார் காலத்தில் எங்கள் வயல் வழியாக ஒரு குழாய் போட்டார்கள். போட்ட இடம் தெரிவதற்காக மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்றை நட்டிருக்கிறார்கள். அந்தக் கல் பக்கம் உழும்போது டிராக்டர்காரர் வேகத்தைக் குறைத்துக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகச் செய்வது. நடவுக்கு வரும் பெண்கள் அந்தக் கல்லை ஒட்டித்தான் தூக்குச்சட்டிகளை வைப்பார்கள். அந்தக் குழாயில் இப்போது எண்ணெய் போகிறதா, எரிவாயு போகிறதா, ஒன்றுமே போகவில்லையா? எத்தனை வருடத்துக் குழாய்? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு தாள். பயிர் நஷ்டஈடு பெற்றுக்கொண்டதாக மாமனார் கையெழுத்துப் போட்ட ரசீதின் நகல். மற்றதையெல்லாம் எழுதிக் கேட்டேன். இரண்டு முறை பதிவுத் தபாலில் கேட்டேன். பதில் வரவில்லை.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வயலில் பரவிய செய்தி வந்ததும், எங்கள் தெருக்காரர்கள் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அந்த மஞ்சள் கல்லைத்தான்.

கதிராமங்கலத்தில் அப்புறம் என்ன நடந்தது என்று நீங்களே அறிவீர்கள். ஆட்சியர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஊர் கூடி உட்கார்ந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. பேராசிரியர் த. செயராமன் உட்படப் பத்துப் பேர் கைதானார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். வயலில் எண்ணெய் ஊறியதைப் பார்த்துக் கேட்டவர்கள் உள்ளே போனார்கள். குழாயைப் பராமரிக்க வேண்டியவர்கள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குச் சில மாதம் முன்புதான் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். 2017 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்த சிறு எண்ணெய் வயல்களின் பட்டியலில் அந்த ஊர் இருந்தது. மறுநாளே போராட்டம் தொடங்கியது. நாடியம்மன் கோவில் திடலில் 22 நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நாங்களும் ஒரு வேன் பிடித்துப் போனோம். மக்கள் சம்மதம் இல்லாமல் திட்டம் வராது என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அதை நம்பி மார்ச் 9 அன்று போராட்டத்தை நிறுத்தினார்கள். மார்ச் 27 அன்று தில்லியில் அதே நெடுவாசலுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. நடுவில் 18 நாள். பந்தலுக்குக் கொண்டுவந்த மூங்கிலைக்கூட எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். ஏப்ரலில் மறுபடியும் அதே ஊர், அதே சனம், அதே வெயில்.

விழிப்புணர்வு போதவில்லை என்று சொன்ன அதிகாரி இந்த 18 நாளைப் பற்றி என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அந்த வருடம் ஜூலையில் சேலத்தில் ஒரு கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுத்த மாணவியைக் கைது செய்தீர்கள். இதழியல் படிக்கும் பெண். நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் ஆதரவாக எழுதப்பட்ட துண்டறிக்கை. சில நாளில் அந்தப் பெண் மேல் குண்டர் சட்டத்தைப் போட்டீர்கள். 1982ல் வந்த அந்தச் சட்டத்தின் முழுப்பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள் என்று அது நீண்டுகொண்டே போகும். ஓராண்டு வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்க இடம் கொடுக்கும் சட்டம் அது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சரி, நீதி கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்தக் கைது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "அம்மா, எங்க காலேஜ்ல கையெழுத்து வாங்குறாங்க, நானும் போகட்டுமா?" என்று போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன். தாய் என்கிற முறையில் சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

இப்போது நான் உறுப்பினரான கதைக்கு வருகிறேன். 2020 ஜனவரி முதல் வாரத்தில் பதவியேற்றோம். அந்த மாதம் 16ஆம் தேதி மாட்டுப் பொங்கல். கொட்டிலைக் கழுவி, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். அதே நாளில் தில்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழில் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வுக் கிணறுகளை, 2006ஆம் வருடத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் "ஏ" பிரிவிலிருந்து எடுத்து "பி2" என்கிற பிரிவில் போட்டுவிட்டார்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் மாறியது. அதனால் என்ன ஆனது என்றால், ஆய்வுக் கிணறு தோண்டச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டாம், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம்.

உற்பத்தி என்று வரும்போது கேட்போமே என்று சொல்வீர்கள். அதற்குள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மேடு தட்டி, ரோடு போட்டு, ஆயிரக்கணக்கான அடி துளை போட்டு, எண்ணெய் இருக்கிறது என்றும் கண்டுபிடித்திருப்பீர்கள். அதன் பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்பது, தாலியைக் கட்டிவிட்டுப் பெண்ணிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

பழைய கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பிரமாதமாக நடந்தன என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்குப் போயிருக்கிறேன். அறிக்கை முழுக்க ஆங்கிலம், தமிழில் ஒரு சுருக்கம் மட்டும். நிலத்தடி நீர் பற்றிய பக்கத்தைத் தமிழில் யாராவது சொல்லுங்கள் என்று கேட்ட பெரியவரிடம் நேரம் முடிந்தது என்றார்கள். ஆனாலும் அங்கே ஒரு மைக் இருந்தது. ஆட்சியர் உட்கார்ந்திருந்தார். பேசியது பதிவானது. என் ஊரைப் பற்றி என் பேரைச் சொல்லி, கூடாது என்று சொல்ல, சட்டம் கொடுத்த ஓர் இடம். அதைத்தான் மாட்டுப் பொங்கலன்று எடுத்துக்கொண்டீர்கள்.

பத்து நாள் கழித்து ஜனவரி 26, நான் உறுப்பினராக உட்கார்ந்த முதல் கிராம சபை. ஹைட்ரோகார்பன் திட்டம், அதாவது எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் திட்டம், எங்கள் ஊராட்சிக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். எங்கள் தீர்மானப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஜா புயலில் அலுவலகத்து ஓடு பறந்தபோது நனைந்தது. பக்கங்களெல்லாம் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். அந்தப் பக்கங்களை உள்ளங்கையால் நீவி நீவி எழுதினேன். நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. ஒரு பையன் பேனா ரீஃபிலைக் கடித்து உடைத்து மை கொடுத்தான். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி பெருவிரலில் மையைத் தேய்த்துக்கொண்டே, "இதை வச்சா நிறுத்திடுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். நிறுத்துவார்கள் பாட்டி என்றேன். நான் சொன்னதை நானே நம்பினேன்.

அடுத்த வாரம் மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். பைக்கை எங்கள் வேப்ப மரத்தடியில் நிறுத்தினார்கள். மோர் கொடுத்தேன், குடித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தீர்மானத்தை எழுதிக் கொடுத்தது யார், வெளியூரிலிருந்து யார் வந்தார்கள், எந்த அமைப்பு என்று கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்றேன். "நீங்களா இவ்வளவு விவரமா எழுதுனீங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி ஊருக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மே மாதம் ஊரடங்கு, கிராம சபையே இல்லை. அதன் பிறகு கூடிய சபைகளில் இதே தீர்மானத்துக்குக் கையெழுத்து பாதியாகக் குறைந்தது. பாட்டி வரவேயில்லை. அவள் பேரனுக்கு சிங்கப்பூர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு வந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று பாட்டி வீட்டார் பயந்தது வீண் பயம் இல்லை. எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் ஒரு மறியலில் உட்கார்ந்தான். ஒரு நாள் மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று அவனும் மறந்துவிட்டான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோதுதான், அவன் பேரில் வழக்கு இருக்கிறது என்று தெரிந்தது. எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட் என்று அலைந்து கண்டுபிடிக்கவே நாலு மாதம் ஆனது. மீத்தேன், கூடங்குளம், நியூட்ரினோ, எட்டு வழிச்சாலை போராட்டக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசு 2021ல் அறிவித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். அந்த அறிவிப்பில் தன் வழக்கு இருக்கிறதா என்று அவன் யாரைப் போய்க் கேட்பது? எந்த அலுவலகத்தின் சுவரிலும் பட்டியல் ஒட்டப்படவில்லை.

நாட்டுக்கு எரிபொருள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். டீசல் விலை ஏறினால் முதலில் ஏறுவது எங்கள் உழவுக் கூலியும் அறுவடை மெஷின் வாடகையும்தான். எங்கள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். ஹைட்ரோகார்பன் என்பது என்னவோ புதுசாக வந்த விஷம் என்று வாட்ஸாப்பில் சுற்றியது. எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பதும் ஹைட்ரோகார்பன்தான் என்று நானே கூட்டத்தில் சொல்லி, நீ எந்தப் பக்கம் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். படிக்கக்கூடிய தமிழில் ஓர் அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருந்தால் வாட்ஸாப்பில் வருவதை யார் நம்பப்போகிறார்கள்?

மீத்தேன் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010ல் மன்னார்குடிப் பகுதியை கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு ஒதுக்கினீர்கள். 2011 ஜனவரியில் அப்போதைய மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. பூமிக்கு அடியில் நிலக்கரிப் படுகையில் இருக்கும் வாயுவை எடுக்க வேண்டுமானால், முதலில் அந்தப் படுகையில் இருக்கிற தண்ணீரை இறைத்து வெளியே விட வேண்டும். தண்ணீரின் அழுத்தம் குறைந்தால்தான் வாயு பிரிந்து மேலே வரும். மேட்டூரில் தண்ணீர் வராத வருடம் போர் போட்டு நாற்றங்காலைக் காப்பாற்றும் எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதை எங்கள் ஊர் வாசலில் வந்து எளிய தமிழில் விளக்கிச் சொன்னது எந்தத் துறை அதிகாரியும் இல்லை, நம்மாழ்வார் ஐயா. ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் கண்ணை மூடினார். அதே வருடம் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015ல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அப்படியானால் ஒப்பந்தம் போடுவதற்கு முன் அந்த வல்லுநர்களைக் கேட்டிருக்கலாமே.

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எங்கள் கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தோம். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோது சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டங்களை அது தொடாது. அதனால் எங்கள் மஞ்சள் கல் அப்படியேதான் இருக்கிறது. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் ஐந்தைந்து ஒன்றியங்கள்தான். திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் இல்லை. காவிரித் தண்ணீர் பாயாமலா அங்கே நெல் விளைகிறது?

சட்டம் வந்த பிறகாவது நிம்மதியாக இருந்தோமா என்றால் இல்லை. 2021 ஜூனில் நெடுவாசலுக்குப் பக்கத்திலேயே வடதெரு ஏலப் பட்டியலில் வந்தது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி என்று மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தன. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரல் 8 அன்று நீக்கிவிட்டதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். 2025ல் ராமநாதபுரம் பக்கம் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருப்பது வெளியே தெரிந்தது. கொடுத்தது மாநில அளவிலான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையம். "பி2" என்பதால் மக்களைக் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அமைச்சர் சொன்னார்.

எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கிய தடவைகளுக்கு நன்றி. ஆனால் பட்டியலில் ஏறுவது எங்களுக்குத் தெரியாமலேயே நடக்கிறது. நாங்கள் பேப்பரில் பார்த்து, நாற்று விட்ட வயலைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தால்தான் இறங்குகிறது. ரோட்டுக்கு வந்தால் வழக்கு. வராவிட்டால் கிணறு. ஒரு வருடம் நாங்கள் அசந்துவிட்டால்? வெள்ளமோ வறட்சியோ வந்து, யாருக்கும் பேப்பர் படிக்க நேரமில்லாத ஒரு வருடத்தில்?

கடலூர் மாவட்டத்து வளையமாதேவியை எங்களால் மறக்க முடியவில்லை. 2023 ஜூலையில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி, கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலில் பொக்லைனை இறக்கியது. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தியதுதான், சட்டப்படி உங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. நெல்லை மிதிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கிற ஊர் எங்களுடையது. அந்த வீடியோவை என் மாமியார் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குக் காவலாக நின்ற போலீஸ்காரர்களில் எத்தனை பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகளோ!

இது டெல்டாவோடு நிற்கிற விஷயமும் இல்லை. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை, கூத்தங்குழி மக்களில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போட்டார்கள். மீன் பிடிக்கிறவர்கள், பீடி சுற்றுகிற பெண்கள். 2013 மே 6 அன்று உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. உலை அந்த ஜூலையிலேயே இயங்கத் தொடங்கியது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. 2019 அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் கணினியில் ஊடுருவல் என்பது பொய்ச் செய்தி என்று மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் அப்படி நடந்தது உண்மைதான், செப்டம்பர் 4 அன்றே தெரியும் என்றது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எதுவும் ஆகவில்லை என்றும் சொன்னார்கள். ஆகாமல் இருந்திருக்கலாம். முதல் நாள் இல்லை என்று சொன்னவர்கள் இரண்டாம் நாள் சொல்வதை நாங்கள் எதை வைத்து நம்ப வேண்டும்?

இப்போது கனிமங்களுக்கும் அதே வழிதான். 2025 செப்டம்பர் 8 அன்று, அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் காத்திருக்கிறது. அந்தக் கடற்கரைச் சனத்துக்கும் மாட்டுப் பொங்கல் அறிவிக்கை வந்துவிட்டது.

எதிர்ப்பு என்றாலே வளர்ச்சிக்குத் தடை என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் போர் செட்டுக்கு இன்று இலவச மின்சாரம் வருகிறது. அது யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்வைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்ட விவசாயிகள் மூன்று பேரைப் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரையே நிறுத்தினார்கள். அவர்களையும் அன்றைக்குச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று எல்லாக் கட்சி மேடையிலும் இலவச மின்சாரம் எங்கள் சாதனை என்கிறார்கள். நான் மோட்டார் சுவிட்சைப் போடும்போதெல்லாம் பெருமாநல்லூரை நினைப்பதில்லை, அது உண்மை. ஆனால் நினைக்க வேண்டும் என்று இந்த மடலை எழுதும்போது தோன்றுகிறது.

சரி, எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள்.

தில்லிக்கு: 2020 ஜனவரி 16 அறிவிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஆய்வுக் கிணறாக இருந்தாலும், ஒரே ஒரு கிணறாக இருந்தாலும், அந்த ஊரில் கூட்டம் போட்டுக் கேளுங்கள். அறிக்கை முழுவதையும் தமிழில் கொடுங்கள். ஏலப் பட்டியலில் ஒரு பகுதியைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தக் கிராம சபைகளுக்கு எழுதிக் கேளுங்கள். பட்டியல் வந்த பிறகு நீக்குவதைவிட அது உங்களுக்கும் மரியாதை.

சென்னைக்கு: உங்களிடம் இருப்பது போலீஸ், எங்களுக்குப் பெரிய பயம் அதுதான். கதிராமங்கலம், நெடுவாசல், மீத்தேன், கூடங்குளம் என்று எரிசக்தித் திட்டங்களுக்காகப் போட்ட வழக்குகளில் எவை முடிந்தன, எவை இருக்கின்றன என்று ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு வெளியிடுங்கள். அந்தத் தம்பியைப் போன்றவர்கள் கோர்ட் கோர்ட்டாக அலைய வேண்டாம். துண்டறிக்கை கொடுத்ததற்காக இனி யார் மேலும் குண்டர் சட்டம் பாயாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களை விசாரிக்க ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள். வேளாண் மண்டலச் சட்டத்தில் விடுபட்ட மாவட்டங்களைச் சேருங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக: ஊராட்சி வாரியாக ஒரு வரைபடம் வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் கிணறு, எந்தச் சர்வே எண்ணில் குழாய், எது இயங்குகிறது, எது மூடப்பட்டது, மூடிய இடத்தை யார் எப்போது மண் போட்டுச் சாகுபடிக்குத் திருப்பித் தருவார்கள், விபத்து என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது. ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நகரம் என்கிற ஊரில் 2014 ஜூனில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எரிந்து செத்தார்கள். அதுவும் எங்களைப் போல நெல்லும் தென்னையும் விளைகிற ஊர்தான். அந்த ஊர்ப் பெண்களும் அடுப்பு பற்ற வைக்கும் முன் காற்றை மோந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சில இரவுகளில் தோன்றும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் அதே தீர்மானத்தை மறுபடி வைக்கப்போகிறோம். புது மைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பாட்டியின் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். பேரன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி வருகிறேன் என்றாள். இந்த மடலுக்கு நீங்கள் அனுப்பும் பதிலை அன்றைக்குச் சபையில் எழுந்து நின்று வாசிக்கக் காத்திருக்கிறேன். தமிழில் எழுதுங்கள், எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து விவசாயி ஒருத்தி,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்